அறுபடும் இடத்தை முன்கூட்டிச் சொல்ல மூன்று கம்பிகள் போதும்

எஃகோடு வந்த சான்றிதழில் நீட்சி 22 சதவீதம் என்றிருந்தது. அதை நம்பி, ஓர் எஃகுத் தாங்கி எப்போது அறும் என்று கணிக்கும் மென்பொருளுக்கு, 0.22 திரிபை (நீளம் கூடிய விகிதம்) தாண்டும் எலிமென்ட்டை (பாகத்தைப் பிரித்த சிறு கட்டங்களில் ஒன்று) நீக்கிவிடும்படி சொன்னேன். கணக்கில் அறுந்த தாங்கி, சோதனையில் அறாமல் வளைந்துகொண்டே போனது. அதற்குள் தடிமனைக் கூட்டி வரைபடம் அனுப்பியாகிவிட்டது. அந்த 22 என்பது 50 மி.மீ. நீளத்துக்கான சராசரி, ஒடுங்கிய கழுத்தில் திரிபு அதைப்போலப் பல மடங்கு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இழுத்து அறுத்த கம்பியின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பாதி கிண்ணம், மறுபாதி கூம்பு. நடுவில் மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு, விளிம்பில் சாய்ந்த உதடு. மாங்கனீசு சல்பைடு போன்ற துகள்களைச் சுற்றி நுண்துளைகள் திறந்து, வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்த இடம்தான் அந்த நடுப்பகுதி. எல்லாப் பக்கமும் இழுபட்டால் துளை வேகமாக வளரும். மூன்று திசைகளின் சராசரித் தகைவை (பரப்பலகுக்கான விசை), வடிவத்தை மாற்ற முயலும் தகைவின் அளவான வான் மீசஸ் தகைவால் வகுத்தால் வரும் எண் இதைக் காட்டும். அதை இழுப்பு விகிதம் என்கிறேன். இது கூடக்கூட வளர்ச்சி அடுக்குக்குறியாக ஏறும் என்று 1969இல் ரைஸும் டிரேசியும் காட்டினர்.

ஆகவே லேத்தில் மூன்று கம்பிகள் கடைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டுங்கள். பள்ளத்தின் அடியில் விட்டம் 6 மி.மீ.; பள்ளத்தின் ஆரம் 6, 3, 1.5 மி.மீ. கடைசி வெட்டு மெல்லியதாக இருக்கட்டும். பிரிட்ஜ்மன் சூத்திரப்படி, அடி ஆரத்தைப் பள்ள ஆரத்தின் இரு மடங்கால் வகுத்து, 1 கூட்டி, இயல் மடக்கை எடுத்து, மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் நடுப்பகுதியின் தொடக்க விகிதம் கிடைக்கும்: முறையே 0.56, 0.74, 1.03.

இழுக்கும்போது கழுத்தைக் கேமராவில் பிடியுங்கள். சுமைக்கோடு சட்டென்று சரியும் கணத்தின் விட்டம்தான் வேண்டும். துண்டானபின் அளந்தால் விரிசல் பரவியதும் கணக்கில் கலந்துவிடும். பழைய விட்டத்தைப் புதியதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, இரட்டியுங்கள். முதல் கம்பி 4.2 மி.மீ. வரை ஒடுங்கினால் திரிபு 0.71. ரைஸ்-டிரேசி கணக்குப்படி 1.5 மி.மீ. ஆரமுள்ள கூர்மையான பள்ளத்துக்கு அதில் பாதி, அதாவது விட்டம் ஏறக்குறைய 5 மி.மீ. வர வேண்டும். வெகுவாக விலகினால் முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

இழுப்பு விகிதத்துக்கு ஏற்ப இந்தத் திரிபுகளே இனி 0.22க்குப் பதிலான வரம்பு. அடுத்து மெஷ், அதாவது எலிமென்ட்டுகளின் வலை. கம்பியைக் கணினியில் பொருத்தியபோது எலிமென்ட் 0.2 மி.மீ. என்றால், தாங்கியில் அறும் இடத்திலும் அதே 0.2. மெஷ் நுணுகினால் உச்சத் திரிபு ஏறும். பழைய வரம்பு பொய்யாகிவிடும். இதை விட்டுவிட்டுப் பலர் துளை வளர்ச்சியையே சமன்பாட்டில் சேர்க்கும் 1977இன் கர்சன் மாதிரிக்குத் தாவுகிறார்கள். நல்ல மாதிரிதான். ஆனால் பொருத்த வேண்டிய அளபுருக்கள் ஏராளம். வெவ்வேறு எண்தொகுப்புகள் ஒரே சோதனைக் கோட்டில் போய் உட்காரும். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

உங்கள் பாகம் நறுக்கு விசையில் அறுவதாக இருந்தால் இந்த மூன்று கம்பிகள் உதவா. விகிதம் பூச்சியத்தை ஒட்டும்போது துளைகள் ஊதிப் பெருகாமல் சாய்ந்து நசுங்கும்; அதற்கு நறுக்குச் சோதனைத் துண்டு தனியாகச் செய்துகொள்ளுங்கள்.