ரேஸை விட்டு வந்த குதிரைக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது

ரேஸை விட்டு வந்த குதிரையை வாங்கியவர்கள் எனக்குப் போன் செய்தால் முக்கால்வாசி நேரம் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "ஏறும்போது நிக்கவே மாட்டேங்குது, உட்கார்ந்ததும் கிளம்பிடுது, கடிவாளத்தை இழுத்தா இன்னும் வேகமா ஓடுது." அடுத்த கேள்வி, குதிரையின் வாய்க்குள் மாட்டும் இரும்புத் துண்டான பிட்டைப் பற்றி, "வேற பிட் போட்டுப் பார்க்கலாமா?" வேண்டாம். இன்னும் கடுமையான பிட் போட்டால் வாய் புண்ணாகும், ஓட்டம் நிற்காது. ஏனென்றால் அந்தக் குதிரை தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டிருக்கிறது.

கிண்டியிலோ ஊட்டியிலோ பெங்களூரிலோ விடிகாலைப் பயிற்சியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு மூன்று வயதிலேயே தரோபிரெட் குதிரையை ஓட்டத்துக்குப் பழக்கிவிடுவார்கள். ஜாக்கியின் காலைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிவிடுவார், அதுவும் பல நேரம் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. அதனால் ஆள் ஏறும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக வைத்துக்கொண்டு ஜாக்கி அதன்மேல் எழும்பி நிற்பார், முதுகில் அழுந்தி உட்காரமாட்டார், விலாவில் கால் தொங்காது. கடிவாளத்தின் இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் அந்தப் பிடியில் வாயைச் சாய்த்து பாரம் கொடுத்து ஓடவேண்டும் என்று குதிரை பழகியிருக்கும். இப்போது நீங்கள் எழுபது கிலோ உடம்போடு முதுகில் உட்கார்ந்து, இரண்டு காலையும் விலாவில் ஒட்டிக்கொண்டு, பயத்தில் இரண்டு வாரையும் இழுக்கிறீர்கள். அதற்குத் தெரிந்த பாஷையில் இதற்கு ஒரே அர்த்தம்தான், ஓடு.

மாற்றிப் பழக்க முடியும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், சில குதிரைக்கு ஒரு வருடம்கூட ஆகும். அந்த அவகாசம் உங்களிடம் இல்லையென்றால் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது குதிரைக்கு நல்லது.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

இங்கேதான் நான் ஒரு குதிரையின் ஐந்து மாதத்தை வீணாக்கினேன். செவலைப் பெட்டை, ஐந்து வயது. சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் கர்த் வாரை இறுக்கப் போனால் கழுத்தைத் திருப்பிக் கடிக்க வரும், ட்ராட் (நடைக்கு அடுத்த மெதுவான ஓட்டம்) போகச் சொன்னால் முதுகை வளைத்துத் துள்ளும். நான் அதைத் திமிர் என்றே முடிவுகட்டி, லஞ்சிங் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுக் களைக்கவைத்து அப்புறம் ஏறினேன். லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் வேலை பார்த்த பெரியவர்தான் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். "கர்த்தை இறுக்கும்போது மட்டும்தான் கடிக்குது தம்பி. நான் தேய்ச்சு விடும்போது ஒண்ணும் பண்றதில்ல. அடிவயித்துல கையை வெச்சுப் பாருங்க." கர்த் வார் உட்காருகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கையை வைத்தேன். தோல் வெடவெடவென்று துடித்தது, வயிறு பலகை மாதிரி இறுகியது, காது இரண்டும் பின்னுக்கு மடிந்தது. மருத்துவர் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் மேல்பகுதியில் புண் இருந்தது. அவர் கொடுத்த ஒமெப்ரசோல் நான்கு வாரம் போனது, தீனி மாறியது, கடிப்பதும் துள்ளுவதும் பெருமளவு தானாகவே நின்றுவிட்டது. வட்டமாக ஓடவிட்ட அத்தனை நாளும் அது புண்ணோடுதான் ஓடியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக அமிலம் சுரக்கும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. ரேஸ் லாயத்தில் தானியம் அதிகம், புல் குறைவு, நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் கொட்டடிக்குள்ளேயே நிற்கும்; அதனால் ஓட்டக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருக்கும். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழு கிலோ காய்ந்த புல் வேண்டும், ஒன்பது கொடுத்தால் இன்னும் நல்லது. ஓட்ஸையும் கொள்ளையும் பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள், ஒரேயடியாக வெட்டாதீர்கள். சவாரிக்கு அரைமணி முன்னால் அரைக் கிலோ குதிரைமசால் போட்டால் அது வயிற்றில் மெத்தை மாதிரி படுத்துக்கொள்ளும், அமிலம் மேலே தெறிக்காது, அதிலுள்ள கால்சியமும் அமிலத்தைத் தணிக்கும். மாட்டுக்கு நல்லதென்றால் குதிரைக்கும் நல்லது என்று நினைத்து நேப்பியர் புல்லையும் கோதுமைத் தவிட்டையும் மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புல்லிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம், இரண்டும் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகி இனம் தெரியாத நொண்டல் வரும்.

வயிற்றைப் போலவே மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைவாய்ப் பற்கள் தேயத் தேய ஓரம் கத்தி மாதிரி கூராகும், கன்னத்தைக் கிழிக்கும். தலையை ஆட்டுகிற, பிட்டைப் பிடுங்குகிற குதிரைக்கு முதலில் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல்லில் பிட் இடித்தாலும் இதே கதைதான். சேணத்தைச் சோதிக்க எளிய வழி, வியர்க்கும் அளவுக்கு ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்ப்பது: சுற்றிலும் ஈரம், நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். பழைய அழுத்தம் இருந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கும். லாடம் அடிப்பவரிடம் குளம்பையும் காட்டுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கென்று ஒன்று உண்டு. புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் நனைந்து நிற்க, ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு மூக்கை விடைத்துக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கும், நகர மறுக்கும். அதைச் சோம்பேறி என்று சாட்டையால் அடித்தால் செத்துப்போகலாம். உடனே நிழல், மேலெல்லாம் குளிர்ந்த தண்ணீர், மருத்துவர்.

2018இல் சூ டைசன் என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் தன் குழுவோடு ஒரு பட்டியல் வெளியிட்டார். சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள்: காது ஐந்து விநாடிக்கு மேல் பின்னுக்கு மடிந்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலைச் சுழற்றுவது, நாக்கு வெளியே தொங்குவது, சொல்லாமல் நடையை மாற்றுவது, இப்படி. இதில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவரைப் பத்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லி வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருக்கும்போது இதில் பாதி கண்ணில் படாது.

கயிறும் கையும்

வலி இல்லை என்று உறுதியான பிறகும் நாலு முதல் ஆறு வாரம் ஏறாதீர்கள். வெளியில் விடுங்கள், இன்னொரு குதிரை கண்ணில் படுகிற மாதிரி. ரேஸ் வாழ்க்கையின் பரபரப்பு உடம்பிலிருந்து இறங்க அவ்வளவு நாள் ஆகும். அந்த வாரங்களில் தரையில் நின்று செய்கிற வேலையைத் தொடங்கலாம், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அழுத்தத்தை எடுக்கும் நொடியில் இருக்கிறது. இதை ஒன்றைக் கையில் பழக்கிக்கொண்டால் மீதியெல்லாம் வரும். முகக்கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தோளருகே நில்லுங்கள். கயிற்றைப் பின்னோக்கி லேசாக இழுங்கள், ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்குகிற அளவு பலம். அப்படியே பிடித்திருங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். குதிரை தலையைத் தூக்கும், பக்கவாட்டில் ஆட்டும், உங்களைத் தள்ளிப் பார்க்கும். கை மாறக் கூடாது. பிறகு உடம்பின் பாரத்தைப் பின்னங்காலுக்குக் கொஞ்சம் மாற்றும். கால்கூட நகர்ந்திருக்காது, மார்புத் தசை தளர்வதுதான் தெரியும். அந்தக் கணமே கயிற்றை விட்டுவிடுங்கள். இரண்டு விநாடி தாமதித்தால் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது, தலையை ஆட்டினதுக்குத்தான் விட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். பத்து முறை செய்தால் ஒரு கால் பின்னே வைக்கும், இரண்டு நாளில் விரல் பட்டாலே பின்னால் போகும். "ஹோ" என்ற சத்தத்தையும் இதோடு சேர்த்துவிடுங்கள், இழுப்பதற்கு ஒரு விநாடி முன்னால்.

சரியாகச் செய்தால் பிடரி முடி முடிகிற மேட்டைச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்கிற இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். கழுத்தில் படார் படாரென்று தட்டுவதை அது பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இதில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். குதிரையோடு உங்களைவிட அதிக நேரம் இருப்பவர் சைஸ் அண்ணன்தான். அவர் தண்ணீர் காட்டக் கூட்டிப்போகும்போது குதிரை இழுத்துக்கொண்டு போகவிட்டால் நீங்கள் காலையில் செய்தது மாலையில் அழிந்துபோகும். அவருக்கு உத்தரவு போடாமல், பக்கத்தில் நின்று செய்துகாட்டி, அவர் சொல்வதையும் கேளுங்கள்.

ஏறுவது, நிறுத்துவது

ஏறுகிற மேடையருகே கூட்டிப்போய் நிற்கவையுங்கள். நின்றதும் சொறிந்துவிட்டு விலகிப் போய்விடுங்கள், அன்றைக்கு ஏறாதீர்கள். மறுநாள் மேடையில் நீங்கள் நின்று சேணத்தைக் கையால் அழுத்துங்கள். நகர்ந்தால் கோபப்படாமல் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவாருங்கள், இருபது முறை ஆனாலும் சரி. அடுத்து அங்கவடியில் ஒரு கால் வைத்துப் பாரம் போட்டு இறங்குங்கள். பிறகு வயிற்றுப்பக்கமாகச் சேணத்தின்மேல் சாய்ந்து இறங்குங்கள், ஒருவர் முகக்கயிற்றைப் பிடித்திருக்கட்டும். ஏறி உட்கார்ந்த முதல் நாள் ஒரு நிமிடம் அங்கேயே நின்று, சொறிந்துவிட்டு இறங்கிவிடுங்கள். ஏறினால் உடனே கிளம்ப வேண்டியதில்லை என்பது அதற்குப் புதுச் செய்தி, அது மனதில் பதிய வேண்டும். கர்த்தையும் ஒரே இழுப்பில் முழுசாக இறுக்காதீர்கள், ஒரு ஓட்டை இறுக்கி நாலு அடி நடத்தி அடுத்த ஓட்டை.

நிறுத்துவதை நடையிலேயே பழக்குங்கள். பத்து அடி நட, நில். மூச்சை வெளியே விட்டு முதுகை நிமிர்த்தி, "ஹோ" சொல்லி, அப்புறம்தான் வாரைத் தொடுவது; நின்ற நொடியில் விரல்களைத் திறந்துவிடுவது. இரண்டு வாரையும் ஒன்றாகப் பிடித்துத் தொங்கினால் அது சாய்ந்துகொள்ள நீங்களே தூண் கொடுத்த மாதிரி, அதனால் வலது, இடது என்று மாற்றி மாற்றி லேசாக மூடித் திறவுங்கள். காலை விலாவிலிருந்து விலக்கித் தூக்கியே வைத்திருப்பவர்கள் உண்டு, பயத்தில். ஒருநாள் தவறிப் பட்டால் குதிரை பாய்ந்துவிடும். ஈரத்துணி மாதிரி எப்போதும் மெல்ல ஒட்டியிருந்தால் அதுவே பழகிவிடும். நடையில் பத்துக்கு ஒன்பது தடவை நிற்கும் வரை ட்ராட் வேண்டாம், ட்ராட்டில் நிற்கும் வரை அதைவிட வேகமான கேன்டர் வேண்டாம்.

தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் முதல் சில அடிக்குள் ஒரு வாரை மட்டும் பிடித்துப் பெரிய வட்டமாகத் திருப்பி, மெல்ல வட்டத்தைச் சின்னதாக்குங்கள். முழு வேகம் பிடித்த பிறகோ தார் ரோட்டிலோ சட்டென்று திருப்பினால் குதிரையோடு நீங்களும் விழுவீர்கள். முன்னங்காலைத் தூக்கி எழும்பினால் வாரைத் தளர்த்தி முன்னால் சாயுங்கள், பிடித்துத் தொங்கினால் அது மல்லாந்து உங்கள்மேல் விழும். இப்படித் திரும்பத் திரும்ப எழும்புகிற குதிரையை நீங்களே திருத்த முயல வேண்டாம், மருத்துவரும் அனுபவமுள்ள பயிற்சியாளரும் பார்க்கட்டும். ஹெல்மெட் இல்லாமலும், தனி ஆளாகவும் ஒருநாளும் ஏறாதீர்கள். பிள்ளைகளை ஏற்றிப் பார்க்கிற ஆசையைத் தள்ளிவையுங்கள்.

மிரட்சி

நீலத் தார்ப்பாய், விரிகிற குடை, புல்லட் சத்தம், ஆடி மாத ஸ்பீக்கர். மிரள்கிற பொருளுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் தார்ப்பாய்க்கு அருகில் அடி விழும் என்பதைத்தான் குதிரை கற்றுக்கொள்ளும். ஒருவரைத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கச் சொல்லுங்கள், இருபது அடி இடைவெளி விட்டு, நீங்கள் குதிரையைப் பின்னால் நடத்திவாருங்கள். தன்னைவிட்டு விலகிப் போகிற பொருளைப் பார்த்துக் குதிரைக்குப் பயம் குறையும், ஆர்வம் வரும். தலை தாழ்ந்து மூக்கால் பெருமூச்சு விட்டால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். கழுத்து விறைத்தால் கூட்டிவிடுங்கள். அது தானாகவே போய் மூக்கால் தொடுகிற நாள் வரும், அன்றைக்குப் பாடம் அத்தோடு போதும்.

வெளியே முதல் சவாரி ஒரு வயதான, நிதானமான குதிரைக்குப் பின்னால் இருக்கட்டும், காலை ஆறு மணிக்கு, இருபது நிமிடம். திரும்பும்போதுதான் அவசரம் வரும், லாயம் பக்கம் திரும்பியதும் நடை துரிதமாகும். கடைசி முந்நூறு அடி இறங்கிக் கையில் பிடித்து நடத்திவாருங்கள். லாயத்து வாசலுக்கு வந்ததும் உள்ளே விட்டுவிடாமல், வாசலைத் தாண்டி இன்னும் ஐம்பது அடி போய், அங்கே நிற்கவைத்து, கர்த்தைத் தளர்த்தி, பிடரியைச் சொறிந்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்து புல் போடுங்கள்.