நகவெட்டியும் கொன்றை விதையும்

வாசலில் ஒரு சரக்கொன்றை நிற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மாசியில் மரத்தடியில் கிடந்த காய்களைப் பொறுக்கி வந்தேன். முழ நீளக் காய். உள்ளே காசு அடுக்கியது போலத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் கறுப்புப் பிசினோடு ஒரு விதை. 30 விதைகளைக் கழுவி மண் பையில் ஊன்றினேன். 40 நாள் தண்ணீர் ஊற்றியதுதான் மிச்சம். தோண்டிப் பார்த்தால் போட்டது போட்டபடி, பளபளவென்று கல் மாதிரி இருந்தது.

விதை கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கெட்டிருந்தால் அழுகியிருக்குமே! தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீரே உள்ளே போகவில்லை. நர்சரிகளில் கந்தக அமிலத்தில் ஊறவைப்பதுண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், 10-ல் 2 தான் உப்பின.

கடைசியில் கைகொடுத்தது நகவெட்டி. விதையின் ஒரு முனையில், காயோடு ஒட்டியிருந்த இடம் சிறு தழும்பாகத் தெரியும். முளைக்குருத்து அந்தப் பக்கம்தான், அங்கே கை வைக்கக் கூடாது. எதிர் முனையில், உள்ளே வெளுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னக் கடி. வழுக்கிக்கொண்டு ஓடும், நானே நாலைந்து விதையைச் சோபாவுக்கு அடியில் தேடினேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தண்ணீரில். காலையில் பார்த்தால் அவரைக்கொட்டை மாதிரிப் பருத்துக் கிடந்தன. விரலால் அழுத்தினால் வழவழவென்று தோல் கழன்றது.

அன்றே ஊன்றினேன், விரல்கணு ஆழத்துக்கும் குறைவாக. ஒரு வாரத்தில் மண் வெடித்தது. 20-ல் 16 வந்தன. அதில் மூன்றை அதிகமாகத் தண்ணீர் ஊற்றி நானே அழுகவிட்டேன், அது வேறு கதை.