நிறுவனக் கணக்கில் வெப்சைட் கட்டாதீர்கள் (இன்னும் சில)

ஆகஸ்டில் புது பேட்ச் வந்து சேர்ந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் விழும். ஜக்கூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் குழு அது. "அக்கா, என் ஆராய்ச்சிக்கு வெப்சைட் போடணும், ஃப்ரீயா எது நல்லது?" ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எதில் டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. எங்கள் காலத்திலும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம், அப்புறம் பட்டோம். அப்படிப் பட்ட தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன். மங்கலான ஃபோட்டோ, எழுத்துப்பிழை இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நிறுவனக் கணக்கில் தொடங்குவது

சேர்ந்த சில நாளிலேயே நிறுவன மின்னஞ்சல் கைக்கு வந்துவிடும். பல நிறுவனங்களில் அது கூகுள் கணக்குதான், வெப்சைட் கட்டும் கூகுள் சைட்ஸும் அதோடு வரும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் தளம் தயார். புரோகிராம் எழுத வேண்டாம், விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. கூகுள் சைட்ஸை நான் குறை சொல்லவில்லை. எந்தக் கணக்கில் கட்டுகிறீர்கள் என்பதுதான் சிக்கல். நிறுவனக் கணக்கில் கட்டிய தளம் நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கும். முகவரியிலேயே அவர்களுடைய டொமைன், அதாவது இணையப் பெயர், ஒட்டிக்கொண்டிருக்கும். கணக்கை அழித்தால் தளமும் டிரைவில் வைத்த கோப்புகளும் கூடவே போகும்.

கிளம்பும்போது நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், ஹாஸ்டல், மெஸ், லேப் என்று கையெழுத்துக்கு அலைவோம் இல்லையா? அதில் கணினிப் பிரிவின் கட்டமும் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்து விழுந்தால் கணக்குக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் தீசிஸ் பைண்டிங் பற்றித்தான் யோசிப்போமே தவிர, வெப்சைட் யார் நினைவில் இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பிஎச்டி வைவா முடித்துவிட்டு, அதற்கடுத்த ஆராய்ச்சியான போஸ்ட்டாக்குக்கு வெளிநாடு போனார். பிறகு இங்கேயே உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் ஒருவர், "உங்கள் பக்கம் திறக்கவில்லையே?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை இவருக்குத் தெரியாது. சொந்த வெப்சைட்டை யார்தான் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? சிவியின் தலைப்பில் அந்த முகவரிதான். மாநாட்டுப் போஸ்டரில் அச்சடித்த கியூஆர் கோடும் அங்கேதான் போகும். இதைவிட மோசம், ஒரு பேப்பரின் அடிக்குறிப்பில் 'தரவுகள் இங்கே கிடைக்கும்' என்று கொடுத்த லிங்க்கும் அதுவே. பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். கணக்கை அழித்தாகிவிட்டது, மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடியபோது முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது, தரவுக் கோப்பு இல்லை. சிவியை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். அச்சான பேப்பரைத் திருத்த ஜர்னலின் கையைக் காலைப் பிடிக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொன்னாலும், "இன்னும் அஞ்சு வருஷம் இருக்கேக்கா" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த லிங்க் பேப்பரிலும் போஸ்டரிலும் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்வதே அந்த அஞ்சு வருஷத்தில்தானே! இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்கும்போது, காலி செய்கையில் பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை வாங்குகிறோம். வெப்சைட்டுக்கு மட்டும் அந்த விசாரணை கிடையாது.

சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள். முடிந்தால் உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்கிவிடுங்கள். டாட் இன் முகவரிக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். கூகுள் சைட்ஸ், கோப்புகளை ஏற்றித் தளமாக்கும் கிட்ஹப் பேஜஸ் இரண்டிலுமே சொந்த டொமைனை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. நாளை தளத்தை வேறு இடத்துக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. தரவுகளை வெப்சைட்டில் வைக்கவே வைக்காதீர்கள். செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியம் 2013-லிருந்து இருக்கிறது. அங்கே போட்டால் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பேப்பரில் அதைக் கொடுங்கள்.

எடுத்துக்கொண்டு போக முடியாத இடம்

வெப்சைட் கட்டும் பில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சொந்த டொமைன் போட முடியாது. ஆனால் எழுதியதை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கிட்ஹப் பேஜஸில் கோப்புகள் அனைத்தும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். ஒரு ஜிபி வரைதான் தளம் இருக்கலாம், ஆராய்ச்சியாளர் பக்கத்துக்கு அது தாராளம். கிட்ஹப்புக்குக் கட்டளைகளை டைப் செய்யப் பயப்படுகிறவர்கள் சொந்த ஜிமெயிலில் கூகுள் சைட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

இலவச டொமைன்

டாட் டிகே மாதிரி முகவரிகளை இலவசமாக வாரி வழங்கிய ஃப்ரீனாம் 2023-இல் புதுப் பதிவை நிறுத்தியது, 2024-இல் அந்தத் தொழிலையே விட்டது. வேண்டாம்.

மாதிரிப் பேப்பர்கள்

டெம்ப்ளேட்டோடு வரும் மாதிரிப் பக்கங்களை அழியுங்கள். நீங்கள் எழுதாத பேப்பர் உங்கள் பெயரில் கூகுளில் வந்து நிற்கும்.

தமிழில் பக்க முகவரி

தமிழ் ஆய்வு செய்கிறவர்கள் இதில் விழுவார்கள். தலைப்பைத் தமிழில் கொடுத்தால் சில பில்டர்கள் அதையே பக்க முகவரியாக்கிவிடும். பிரவுசரில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காப்பி செய்து மின்னஞ்சலில் ஒட்டினால்தான் வண்டவாளம் தெரியும். 'க' என்ற ஓர் எழுத்து சதவீதக் குறிகளோடு ஒன்பது குறிகளாக விரியும், 'கு' என்றால் பதினெட்டு. நாலு சொல் தலைப்பு நாலு வரிக்கு நீளும், பாதியில் உடையும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள்.

ஜர்னலின் பிடிஎஃப்

ஜர்னலோடு போட்ட ஒப்பந்தத்தைப் படிக்காமல் அச்சான வடிவத்தை ஏற்றாதீர்கள். ப்ரீபிரின்ட் (ஜர்னலில் அச்சாவதற்கு முந்தைய வடிவம்) லிங்க் போதும்.

பயோடேட்டாவை அப்படியே ஏற்றுவது

ஊரில் வேலைக்கு அனுப்பிய அதே பிடிஎஃப். அப்பா பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி, கைபேசி எண், கீழே கையெழுத்து. வங்கிக்காரர் பெயரில் கூப்பிட்டு ஏமாற்றுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? வெப்சைட்டுக்கென்று தனி சிவி தயாரித்துக்கொள்ளுங்கள், அதில் மின்னஞ்சலும், ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட்டும் இருந்தால் போதும். கிட்ஹப்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் கோப்புகள் இருக்கும் ரெபாசிட்டரி பொதுவில் இருந்தாக வேண்டும். இன்று கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? ரெபாசிட்டரியையே அழித்துவிட்டு, சுத்தமான கோப்புகளோடு புதிதாகத் தொடங்குவதுதான் சுலபம்.