வீட்டு வேலையை உடற்பயிற்சி என்று எழுதலாமா? கலோரி கணக்கு தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கலோரி கணக்கு எழுதத் தொடங்கும் எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே வரும் சந்தேகம் இது. முற்றம் தூத்து, துணி துவைத்து, தரை துடைத்து முடிக்கும்போது உடம்பெல்லாம் வேர்த்திருக்கும். போனில் கணக்கு எழுதும் ஆப்பைத் திறந்தால் ‘எக்சர்சைஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேடிப் பார்த்தால் பெருக்குவது, துடைப்பது எல்லாம் அதற்குள்ளேயே கிடைக்கிறது. எழுதிய உடனே அன்றைக்குச் சாப்பிடக்கூடிய அளவும் கூடிவிடுகிறது. யாருக்குத்தான் எழுதாமல் இருக்க மனசு வரும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் செய்யும் வேலையை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். அது வேறு இடத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டது. என்றைக்காவது செய்யும் பெரிய வேலையை எழுதலாம், அதுவும் பாதி. எப்படி என்பதைக் கணக்கு போட்டே பார்ப்போம். ஒரு நோட்டும் போன் கால்குலேட்டரும் போதும்.

உதாரணத்துக்குக் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். வயது 42, எடை 64 கிலோ, உயரம் 155 செ.மீ. வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது, கிணற்றடியில் துவைக்கிற கல்தான். முற்றத்தில் ஒரு பிலாவும் இரண்டு தென்னையும் நிற்கின்றன.

படி 1: சும்மா இருந்தாலே ஆகும் செலவு

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் கலோரி செலவாகும். அதைக் கணிக்க மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் இருக்கிறது. 1990-இல் வந்தது, பல ஆப்கள் பின்னால் வைத்திருப்பதும் இதைத்தான்.

எடையை 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் இன்னொரு 161 கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள்.

நம் அக்காவுக்கு: 640 + 969 − 210 − 161. ஏறக்குறைய 1238 கலோரி.

படி 2: ‘ஆக்டிவிட்டி லெவல்’ என்ற கேள்வியை நிதானமாகப் படியுங்கள்

குழப்பம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். ஆப் பதிவு செய்யும்போது, நீங்கள் எவ்வளவு நடமாடுகிறீர்கள் என்று கேட்கும். நாமும் அவசரத்தில் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்த ஒரு அமுக்கில்தான் உங்கள் வீட்டு வேலை மொத்தமும் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் என்றால் 1.2, லேசாக நடமாடுபவர் என்றால் 1.375, நடுத்தரம் என்றால் 1.55 என்று பெருக்குவது வழக்கம். அக்காவுக்கு முதலாவது 1485, இரண்டாவது 1702, மூன்றாவது 1919 வரும். ஆளும் அதே ஆள், எடையும் அதே எடை. பதில் மாறினால் நாளுக்கு 200 கலோரிக்கு மேல் மாறுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இதே கதைதான்: 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வாழ்க்கை என்றால் 1660 கலோரி, நடுத்தர உழைப்பு என்றால் 2130.

தொழில் உழைப்பும் இந்தக் கேள்விக்குள்தான் வரும். குலசேகரம், அருமனை பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் மரத்துக்கு மரம் நடந்துதான் வேலையை முடிக்கிறார். அவர் ஆப்பில் உயர்ந்த நிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், தினமும் தனியாக எழுத வேண்டாம். முந்திரி ஆபீஸில் நாள் முழுக்கக் குந்தியிருந்து பருப்பு எடுக்கிறவருக்கு முதுகும் முட்டும் போட்டுக் கொல்லும். ஆனால் கலோரி கணக்கில் அது உட்கார்ந்து செய்யும் வேலைதான். கேட்க அநியாயமாக இருக்கும். அலுப்பும் கலோரியும் சேர்ந்தே ஏற வேண்டும் என்று உடம்புக்குச் சட்டம் எதுவும் இல்லை.

வேர்வையும் அப்படித்தான். கடல் காற்றின் ஈரத்தில் நம்ம ஊரில் அடுக்களையில் நின்று ரசம் வைத்தாலே ஜாக்கெட் நனைந்துவிடும். அது உடம்பு சூட்டை இறக்கப் பார்க்கும் வேலை. எவ்வளவு வேர்த்தது என்பதை வைத்து எவ்வளவு எரிந்தது என்று சொல்ல முடியாது.

படி 3: வேலைகளை நிமிடத்தோடு எழுதுங்கள்

இரண்டு மூன்று நாள் மட்டும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ‘துணி துவைக்க ஒன்றரை மணி நேரம்’ என்று நாம் சொல்வதில் என்னவெல்லாம் இருக்கிறது? சோப்புத்தூளில் ஊறப்போடுவது, ஊறுகிற நேரம், நடுவில் ஒரு டீ, அப்புறம் சோப்பு போட்டுக் கல்லில் அடிப்பது, கும்முவது, வாளியில் அலசுவது, பிழிவது, கொடியில் விரிப்பது. இதில் உடம்பு உண்மையில் உழைப்பது அடிப்பதிலிருந்து பிழிவது வரை. அதை மட்டும் அளந்தால் அரை மணி நேரம் வந்தாலே அதிகம். போர்வை, ஜமுக்காளம் இருந்தால் கதை வேறு.

முற்றம் தூப்பதும் அப்படியே. ஈர்க்கு வாரியலை எடுத்துக் குனிந்து தூத்து, பிலாவிலையைக் கூட்டி, அள்ளித் தென்னை மூட்டில் போடுகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடை வாசலில் நின்று பக்கத்து வீட்டு மைனியிடம் பேசிய நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

அக்காவின் பட்டியல்: முற்றம் 20 நிமிடம், துணி 30, தரை துடைப்பு 15, பாத்திரம் 30, சமையல் 90.

படி 4: ஒவ்வொரு வேலைக்கும் உண்மையான செலவு

இதற்கு ‘மெட்’ என்று ஓர் அளவு இருக்கிறது. 1 மெட் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு. ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறக்குறைய 1 கலோரி. பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 1993-இல் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெட் எண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு பலமுறை திருத்தப்பட்ட அந்தப் பட்டியலைத்தான் இன்றைக்கும் எல்லாரும் எடுத்தாளுகிறார்கள். அதில் நமக்கு வேண்டியவை: நின்று பாத்திரம் கழுவ 1.8, நின்று சமைக்க 2, தரை துடைக்க 3.5, வீட்டுக்கு வெளியே பெருக்க 4, கையால் துணி துவைக்க 4. ஒப்பிட்டுப் பார்க்க: மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 3.5. ஆக, தரை துடைப்பது நடைக்குச் சமம்தான். அதை யாரும் மறுக்கவில்லை.

இப்போது முக்கியமான ஒரு கழித்தல். மெட் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். அந்த 1 நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவு. படி 1-இல் அதை எழுதியாயிற்று. பல ஆப்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

முற்றம்: 3 × 64 × 20/60 = 64 கலோரி.
துணி: 3 × 64 × 30/60 = 96.
தரை: 2.5 × 64 × 15/60 = 40.

மூன்றும் சேர்ந்து 200. கழிக்காமல் போட்டிருந்தால் 269 என்று காட்டியிருக்கும்.

சமையலையும் பாத்திரத்தையும் ஏன் விட்டேன்? அவை லேசான வேலை. அந்த மாதிரி நிற்பதும் நடப்பதும் 1.2 என்ற கீழ்நிலைப் பெருக்கலிலேயே ஓரளவு அடங்கிவிடும்.

படி 5: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

படி 2-இல் 1485-க்கும் 1702-க்கும் வித்தியாசம் 217. படி 4-இல் வந்தது 200. அக்கா ‘லேசாக நடமாடுபவர்’ என்று அமுக்கியபோதே முற்றமும் துணியும் தரையும் உள்ளே போய்விட்டன. அப்புறம் தினமும் எக்சர்சைஸ் கட்டத்தில் அவற்றை எழுதினால் ஒரே கூலியை இரண்டு தடவை வாங்குவது போலாகும்.

விளைவைப் பாருங்கள். எடை குறைய வேண்டும் என்று அக்கா 1702-இல் 300 குறைத்து 1400 சாப்பிடத் தீர்மானிக்கிறார். ஆப் வீட்டு வேலைக்கு 269 சேர்த்துக் கொடுக்கிறது, அதையும் சாப்பிடுகிறார். மிஞ்சும் குறைவு 31. மாதம் முழுக்கக் கணக்கு எழுதியும் எடை அசையாமல் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுதான் உண்டு: தேங்காய். அதற்கும் வருகிறேன்.

ஆகவே இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். ஒன்று, வீட்டு வேலையைச் சேர்த்து நிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைத் தனியாக எழுதாமல் இருங்கள். அல்லது ‘உட்கார்ந்திருப்பவர்’ என்று கீழ்நிலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் கழித்தல் போட்டு எழுதுங்கள். கணக்கில் இரண்டும் சரி. தொடங்குபவர்களுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். தினமும் நிமிடம் எண்ணிக்கொண்டு முற்றம் தூப்பது மனுஷருக்கு ஆகிற காரியமில்லை.

படி 6: எதைத் தனியாக எழுதலாம்

கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ முன்னால் பரணில் கிடப்பதை எல்லாம் இறக்கி, ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையடிக்கும் நாள். வீடு மாறும் நாள். மோட்டார் பழுதாகித் தண்ணீர் கோரிச் சுமந்த நாள். இவை வழக்கமான நிலைக்குள் வராதவை. இரண்டு மணி நேரம் 3.5 மெட் வேலை என்றால் அக்காவுக்கு 320 கலோரி. அதில் பாதி, 160 மட்டும் எழுதுங்கள். நிமிடத்தைக் கூட்டிச் சொல்வதும், சாப்பாட்டைக் குறைத்துச் சொல்வதும் நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பாதி அதற்கான ஈடு.

சாப்பாட்டுப் பக்கம் எவ்வளவு எளிதாக வழுக்கும் என்பதற்குத்தான் தேங்காய். 15 நிமிடம் தரை துடைத்த 40 கலோரி, ஒரு சிறு கரண்டி தேங்காய் எண்ணெயில் இருக்கிறது. அவியலுக்கு மேலே பச்சையாக ஊற்றுவோமே, அது ஒரு சிறு கரண்டியோடு நிற்கிறதா? 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. அரை மணி நேரம் கல்லில் துவைத்தது, திருவிய தேங்காய் 30 கிராமுக்குக்கூடக் காணாது. மீன் குழம்புக்கு அரைத்த அரைமுறித் தேங்காயை எழுதாமல் விட்டுவிட்டு வாரியலுக்குக் கணக்கு பார்த்துப் பிரயோசனம் இல்லை. தேங்காயை விடச் சொல்லவில்லை. நம்ம ஊரில் அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். திருவியதை ஒருமுறை தராசில் வைத்து, குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்து எழுதுங்கள்.

படி 7: வாட்ச் கட்டியிருந்தால்

நடையை எண்ண ஸ்மார்ட் வாட்ச் மணிக்கட்டின் அசைவைத்தான் கவனிக்கிறது. நின்ற இடத்தில் தேங்காய் திருவினாலும் சில வாட்ச்கள் நடை என்று எண்ணும். இரண்டு கையிலும் குடம் தூக்கி நடந்தால் எண்ணாமல் விடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். வாட்சும் ஆப்பும் இணைந்திருந்தால், வாட்ச் அனுப்பும் கலோரியை ஆப் தானாகச் சேர்க்கும் வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

படி 8: தராசைக் கேளுங்கள்

சூத்திரம் எல்லாம் தோராயம். காலையில் எழும்பி, வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்; உப்பு, மாதவிலக்கு, முந்தின நாள் கருவாடு எல்லாம் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்தும் எடை அப்படியே நின்றால், நீங்கள் சாப்பிடுவதாக எழுதியதுதான் உங்கள் உண்மைச் செலவு. நாளுக்கு 150 முதல் 200 குறைத்துத் தொடருங்கள். வேகமாக இறங்கித் தலைசுற்றல் வந்தால் நிலையை ஒரு படி ஏற்றுங்கள்.

இன்னொரு நோட்டு: நிமிடக் கணக்கு

‘வெளுப்பாங்காலம் எழும்பினா ராத்திரி வரை நிக்க நேரமில்ல, இதுக்கு மேல நடக்கவும் செய்யணுமா?’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தேவையான உடல் உழைப்பை உலக சுகாதார நிறுவனம் நிமிடத்தில்தான் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வீட்டு வேலையும் அதில் சேரும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2020-இல் போய்விட்டது.

3 முதல் 6 மெட்டுக்குள் இருந்தால் மிதமான உழைப்பு. எண் வேண்டாம் என்றால், வேலைக்கு நடுவே பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவின் முற்றமும் துணியும் தரையும் நாளுக்கு 65 நிமிடம். அந்த வேகத்தில் செய்தால் வாரத்தில் 150-ஐத் தாராளமாகத் தாண்டிவிடுவார். சமையல் நேரத்தை இதில் சேர்க்க முடியாது. வாஷிங் மெஷின் வாங்கிய அன்றிலிருந்து துணியும் வெளியே போய்விடும், அப்போது படி 2-ஐயும் திரும்பப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. வாரியல் பிடிப்பது அதற்குப் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்களும், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் பெரிய துப்புரவு வேலை நாளில் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மேலே சொன்ன 300 குறைக்கிற வேலையில் இறங்கவே வேண்டாம்.