கம்பும் கூண்டும்: ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிறு காலையில் கம்பு சுற்ற வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. "அண்ணா, சிலம்பக்காரரும் எம்எம்ஏ வீரரும் மோதினால் யார் ஜெயிப்பார்?" எம்எம்ஏ என்றால் குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை. பன்னிரண்டு வருஷம் ஆசானிடம் சிலம்பமும் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையும் படித்தவன் நான். முப்பது வயதுக்கு மேல் இந்திராநகரில் ஒரு எம்எம்ஏ ஜிம்மில் சேர்ந்து, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் வியர்வை சிந்தியவன் என்பதால், இந்தப் பேச்சு எங்கெங்கே தடம் மாறுகிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். சிலம்பம் ஆயுதக் கலை. நெற்றி உயரக் கம்போடு நிற்பவரிடமிருந்து கம்பை வாங்கி வைத்துவிட்டு, கூண்டுக்குள் விட்டு, "சிலம்பம் தோற்றது" என்று சொல்வதில் நியாயமே இல்லை. எம்எம்ஏவோடு ஒப்பிட வேண்டுமென்றால் குத்துவரிசையையும் குமரிப் பக்கத்து வெறுங்கைக் கலையான அடிமுறையையும் எடுக்க வேண்டும்.

பெரிய தவறு வேறு. "எங்கள் அடி உயிரை எடுக்கும் அடி, அதனால்தான் போட்டியில் இறக்க முடியாது" என்று நம் ஆட்களே பெருமையாகச் சொல்வார்கள். வர்மப் புள்ளிகள் 108, அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12 என்று கணக்கும் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். அந்தப் புள்ளிகளைப் பற்றிய அறிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அசையாமல் நிற்கும் கூட்டாளியின் உடம்பில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவது வேறு. நம்மை அடிக்க முழு வேகத்தில் வரும் ஒருவரிடம் அதே புள்ளியைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைப் பழகாதவருக்கு முதலாவது கைகொடுக்காது.

இதை 140 வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர் ஜப்பானின் ஜிகோரோ கானோ. 1882ல் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் தனிப் பாடமாக ஒதுக்கி வைத்தார். மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும், எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க எதிர்க்கத் தினமும் பழக வைத்தார். அதற்கு ரண்டோரி என்று பெயர். ஆபத்து குறைந்ததால் முழு வேகத்தில் பழக முடிந்தது. முழு வேகத்தில் பழகியதால் கலை கூர்மையானது. அந்த ஜூடோவை மிட்சுயோ மயேதா பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அங்கே கிரேசி குடும்பம் அதைத் தரைச் சண்டையாக வளர்த்தெடுத்தது. 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த யுஎஃப்சி என்ற கூண்டுச் சண்டைப் போட்டியின் முதல் பதிப்பில், கடிப்பதும் கண்ணைக் குத்துவதும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. அந்தக் குடும்பத்தின் ராய்ஸ் கிரேசி, ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ளவர், ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்தார். உயிரை எடுக்கும் அடி எதுவும் அவரிடம் இல்லை. எதிர்க்கும் உடம்போடு உருண்டு புரண்ட அனுபவம்தான் இருந்தது.

எதிராளியோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கில் என் முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. எதிரே என்னைவிட எட்டுக் கிலோ குறைவான ஒரு பையன், பள்ளிக் காலத்தில் மல்யுத்தம் பழகியவன். குத்துவரிசை நிலையில் நிமிர்ந்து நின்றேன். அவன் குனிந்து என் இரண்டு கால்களையும் சேர்த்து அணைத்துத் தூக்கினான். முதுகு பயிற்சி மெத்தையில் பட்டபோதுதான் தெரிந்தது, என் பன்னிரண்டு வருஷப் பாடத்தில் தரையில் படுத்தபடி செய்ய ஒன்றுமே இல்லை என்று. கழுத்தில் பிடி விழுந்ததும், தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டேன்.

அங்கே நிறுத்திக்கொண்டு "பழையது எல்லாம் குப்பை" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. மூன்றே மாதத்தில், கீழே விழாமல் நிற்கும் வித்தையை ஓரளவு பிடித்த பிறகு, நின்று ஆடும் சுற்றுகளில் என்னைத் தொடுவது மற்றவர்களுக்குச் சிரமமாகிவிட்டது. அது சிலம்பக் காலடி கொடுத்தது. கம்பு நுனியின் தூரத்தைச் சின்ன வயதிலிருந்தே கண்ணால் அளந்தவனுக்கு, கை நீளத்தை அளப்பது பெரிய வேலையில்லை.

லியோட்டோ மச்சிடாவைப் பாருங்கள். தந்தையிடம் சிறுவயதிலிருந்து ஷோட்டோகான் கராத்தே படித்தவர், 2009ல் யுஎஃப்சியின் லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவுப் பட்டம் வென்றார். கராத்தேயை விடாமல், தரைச் சண்டையையும் சேர்த்துப் படித்து ஓட்டையை அடைத்துக்கொண்டார். 2024ல் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் சீனக் கலையான வுஷுவிலிருந்து வந்தவர். தாய்லாந்தின் முய் தாயும் மல்யுத்தமும் எத்தனை தலைமுறைப் பழசு? அவை இல்லாமல் எம்எம்ஏ ஏது? ஒரு கலை பழையதா புதியதா என்று பார்ப்பதைவிட, எதிர்க்கும் ஆளோடு பழகுகிறார்களா என்று பார்ப்பதுதான் சரி.

2017ல் சீனாவில் ஒரு எம்எம்ஏ வீரர் ஒரு தாய்ச்சி ஆசிரியரைச் சில நொடிகளில் வீழ்த்திய வீடியோவை வைத்து வாதாடுபவர்கள் உண்டு. தோற்றது அந்த மனிதர். அதைக் கொண்டு ஒரு கலையின் முழு வரலாற்றையும் எடை போட முடியாது.

இன்னொன்று, கூண்டு ஒன்றையே அளவுகோலாக வைப்பது. நம்ம பெங்களூரிலேயே கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமியில் கரக ஊர்வலம் போகிறது. கரகத்தோடு வாள் ஏந்தி ஓடும் வீரகுமாரர்களின் பயிற்சிக்கும் பேட்டைப் பகுதிக் கரடி மனைகள் என்ற பயிற்சிக் கூடங்களுக்கும் பழைய உறவு. தமிழிலும் கரடிக்கூடம் என்ற சொல் இருந்தது, சிலம்பக்கூடம் என்றுதான் அர்த்தம். அந்தப் பயிற்சி விரதத்துக்கும் காவலுக்கும் ஆனது. ஐந்து நிமிடச் சுற்று மூன்றில் நடுவர் முன்னால் ஜெயிப்பதற்கு ஆனதல்ல. அதேபோல, எம்எம்ஏ தெரிந்தால் தெருவில் எதற்கும் பயமில்லை என்று நினைப்பதும் ஆபத்து. எதிரே இரண்டு பேர் இருந்தால், ஒருவர் கையில் கத்தி இருந்தால், தரையில் உருளப் போவது உயிருக்கே வினை.

ஜிம் மாறிப் போகும் நம் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது தலையைப் பற்றி. ஒரு ஜிம்மில், சேர்ந்து மூன்று வாரமே ஆன கல்லூரிப் பையனை அனுபவசாலி ஒருவரோடு முழு வேகத்தில் மோத விட்டார்கள். ஒரு வாரம் தலைவலியும் வாந்தியுமாக இருந்தான். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மவுத்கார்டும் பெரிய கிளவுஸும் இல்லாமல் ஸ்பாரிங் வேண்டாம். தலையில் பலமாக அடிபட்டால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை பயிற்சி மெத்தையில் கால் வைக்கக் கூடாது. சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் தட்டிய அந்த நொடியே பிடி விடப்படவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம், ஆசானுக்குத் தெரியாமல் போகாதீர்கள். நான் ஆறு மாதம் மறைத்தேன், அது இன்னும் உறுத்துகிறது. ஒருநாள் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "காலைப் பிடிக்க வந்தா என்ன பண்றாங்க, காட்டுப்பா" என்றார். இடுப்பைப் பின்னே எறிந்து, மார்பால் எதிராளியின் தோளை அமுக்கிக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் பின்னங்காலைத் தன் பாதத்தால் ஒரு சாண் வெளியே தள்ளி வைத்து, "இப்போ பண்ணு" என்றார்.