வளவுச் செடிகளுக்கு ஒரு பித்தளைப் பூவாளி

எங்கள் வீடு கானாடுகாத்தானில். வளவைச் (வீட்டு நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தைச்) சுற்றிய தாழ்வாரத்தில் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, பீஸ் லில்லி என்று தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கீழே தரையில் பதித்தது ஆத்தங்குடிக் கல். தோட்டத்துப் பூவாளியை இங்கே சாய்த்தால் பாதித் தண்ணீர் இலையிலும் தரையிலும்தான் போகும். வீட்டுக்குள் வேண்டியது ஒரு லிட்டர் பிடிக்கிற, மூக்கு நீண்டு மெலிந்த பூவாளி. சல்லடைத் தலை வேண்டாம். தண்ணீர் இலைக்கு அடியில் புகுந்து மண்ணில் இறங்க வேண்டும்.

கையால் செய்த பூவாளி வாங்கும்போது பளபளப்பைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூக்கு. அதன் நுனி, பாத்திரத்தின் வாய்விளிம்பு அளவுக்காவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முழுக்க நிரப்ப முடியாது, நிரம்புவதற்குள் நுனி வழியே வழிந்துவிடும். அடுத்தது மூக்கை உடம்போடு ஒட்டவைத்திருக்கும் பற்று, அதாவது ஈயம் உருக்கி வைத்த இணைப்பு. கடையிலேயே தண்ணீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாள் மேல் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லுங்கள். தாளில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் வேறு எடுங்கள். அப்புறம் நிரப்பியபடியே ஒரு கையால் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டு இழுத்தால் கைப்பிடி சரியான இடத்தில் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் தேடினால் பித்தளைக் கெண்டி, அதாவது மூக்கு வைத்த பழைய தண்ணீர்ப் பாத்திரம், கண்ணில் படலாம். மூக்கு குட்டைதான், ஆனால் சின்னத் தொட்டிகளுக்கு அதைவிட நல்ல பூவாளி கிடையாது. பழைய ஈயப்பூச்சில் காரீயம் கலந்திருக்கலாம், அதனால் அதில் குடிக்க மட்டும் வேண்டாம்.

பராமரிப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று: ஊற்றி முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, கவிழ்த்து வைப்பது. செம்புத் தண்ணீரை இரவெல்லாம் வைத்துக் குடிக்கிற பழக்கத்தைச் செடிக்குக் கொண்டுவராதீர்கள். பித்தளையில் இருக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும், ஈரம் நின்ற இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். உரக்கரைசலையும் இதில் கலக்க வேண்டாம். கோமியம், பஞ்சகவ்யம், யூரியா எல்லாவற்றிலும் அம்மோனியா வரும். அது பித்தளையில் வெடிப்பு விடச் செய்யும். உரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை போதும்.

புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம், ஆனால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே படிந்திருக்கும் பழுப்பு நிறம் உலோகத்துக்குப் பாதுகாப்பு, அதைச் சுரண்டாதீர்கள். பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்து, நன்றாக அலசித் துடையுங்கள். தேய்ப்பதைக் கொல்லைக் கல்லில் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. புளித்தண்ணீர் பட்டால் மினுப்பு அரித்துப் போகும், எளிதில் திரும்ப வராது. தேய்த்துக் காய்ந்ததும் துணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு நாள்பட நிற்கும். புதிதாக வாங்கியதில் அரக்குப்பூச்சு இருந்தால் புளியும் நாரும் வேண்டாம், ஈரத்துணி போதும். துத்தநாகம் பூசிய தகரப் பூவாளிக்கும் புளி ஆகாது, பூச்சையே தின்றுவிடும். அதில் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடியுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மூக்குக்குள் வெள்ளையாகப் படியும். மெல்லிய பாட்டில் பிரஷை விட்டு அவ்வப்போது குடையுங்கள். பீஸ் லில்லியின் இலைநுனி கருகுவதற்கும் பல வீடுகளில் அந்த உப்பே காரணம். வளவு ஓட்டில் இறங்கும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பது இங்கே பழைய வழக்கம். எங்கள் அப்பத்தா அதைச் சமையலுக்கு வைத்திருந்தார், நான் செடிக்கு வைத்திருக்கிறேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பாம்புக் கற்றாழைக்கு அடிமண் வரை காய வேண்டும். அடித்தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேரும் அழுகும், கல்லிலும் வட்டக்கறை விழும்.

பற்றில் ஒழுகினால் எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். பற்று வைப்பவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலையையே தொடங்க முடியும். ஒழுகும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பூவாளியை நன்றாக உலர்த்தி, அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள்.