கணினிக் கடிகாரத்தை என்டிபி சர்வரோடு ஒத்திசைப்பது எப்படி?

கணினியில் நேரம் தப்பாகக் காட்டினால் முதலில் டைம் ஜோனைப் பாருங்கள். முழு மணிக்கணக்கிலோ அரை மணிக்கணக்கிலோ பிசகினால் பெரும்பாலும் அதுதான் காரணம், ஏனென்றால் என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியாகக் கணினிகளுக்கு நேரம் தரும் முறை, கொண்டுவந்து தருவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை மட்டுமே, அதை உங்கள் ஊர் நேரமாக மாற்றிக் காட்டுவது கணினியின் வேலை. சில நொடி, சில நிமிடம் என்று முந்தியோ பிந்தியோ ஓடினால்தான் ஒத்திசைவில் கோளாறு. அதைச் சும்மா விடக் கூடாது. வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் வழக்கமான அமைப்பில் கெர்பரோஸ் என்ற நெட்வொர்க் லாகின் முறை உள்ளே விடாது, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆதென்டிகேட்டர் ஆப்பின் லாகின் எண் பொருந்தாது, இரண்டு சர்வர்களின் லாகை (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவை) வைத்து எது முதலில் நடந்தது என்று சொல்லவே முடியாது.

விண்டோஸில் வேலை சுலபம்: தேதி, நேரம் செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்தினால் போதும்.

லினக்ஸில் குரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளைப் போடுங்கள். பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கூடவே வரும் சிஸ்டம்டி டைம்சிங்க்டி சாதாரண லேப்டாப்புக்குப் போதும், ஆனால் அது ஒரு சமயத்தில் ஒரே சர்வரை மட்டும் நம்பும், அந்தச் சர்வர் தப்பாகச் சொன்னால் உங்கள் கணினியும் தப்பாகத்தான் ஓடும். குரோனி பல சர்வர்களிடம் கேட்டு, மற்றவற்றோடு ஒட்டாததை ஒதுக்கிவிடும். அதனால் குறைந்தது 4 சர்வர் கொடுங்கள். இரண்டே இரண்டு கொடுத்து, அவை ஆளுக்கொரு நேரம் சொன்னால் எதை எடுப்பதென்று அதற்குத் தெரியாது. டைம்சிங்க்டி, குரோனி இரண்டும் ஒரே கணினியில் ஓடக் கூடாது, ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

குரோனியின் கான்ஃபிக் கோப்பில் 'பூல்' வரியில் பூல் டாட் என்டிபி டாட் ஆர்க் என்று கொடுத்து (இந்த ஒரே பெயரிலிருந்து பல சர்வர்கள் கிடைக்கும்), கடைசியில் 'ஐபர்ஸ்ட்' சேர்த்தால் தொடங்கியதும் மளமளவென்று நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் 'மேக்ஸ்டெப் 1 3' என்ற வரி. இதை விட்டுவிடாதீர்கள். முதல் 3 புதுப்பிப்புகளுக்குள் 1 நொடிக்கு மேல் பிசகு தெரிந்தால் நேரத்தை ஒரேயடியாக மாற்று, அதற்குப் பிறகு கடிகார வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாகச் சரிசெய் என்று இதற்குப் பொருள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் நடுவே நேரம் திடீரென்று பின்னால் குதித்தால் பதிவுகளின் வரிசையே குலைந்துபோகும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் போட்டாயிற்று என்று எழுந்துவிடாமல் டெர்மினலில் 'குரோனிசி சோர்சஸ்' என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு சர்வரின் முன்னால் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும், அதைத்தான் இப்போது பின்பற்றுகிறது. 'ரீச்' என்ற பத்தியில் 377 இருந்தால் கடைசி 8 கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது, எல்லா வரியிலும் 0 என்றே நின்றால் பெரும்பாலும் ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.